வெறி முறிய எத்தனை மணி?

வடமராட்சியின் உடுப்பிட்டியில் புதுவீடு எழும்பும் ஒரு வளவில் கொங்கிறீட் போடும் நாளைப் பாருங்கள். விடிய முன்னரே மிக்சர் வந்து நிற்கும். ஒரு பக்கம் மணலும் சல்லியும், மறுபக்கம் சீமெந்து மூட்டைகளும் தண்ணீர்ப் பீப்பாவும். பத்துப் பன்னிரண்டு பேர் ஏணியிலும் சாரத்திலும் வரிசையாக நின்று தாச்சியைக் கைமாற்றுவார்கள். தொடங்கினால் நிறுத்த முடியாத வேலை அது. பாதியில் விட்டால் பழைய கலவைக்கும் புதியதற்கும் நடுவே ஒட்டு விழும், பின்னர் அந்த இடத்தால் மழைநீர் ஒழுகும். ஆகவே எல்லோருக்கும் அவசரம். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்காரர் ஒரு பையைத் தலைமை மேசனின் கையில் கொடுத்திருப்பார். பைக்குள் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. "கொஞ்சம் போட்டால்தான் வேலை ஓடும்" என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எழுதாத ஒப்பந்தம். கனடாவிலிருந்து காசு அனுப்பும் மகனுக்கு வரும் கணக்கில் அது 'சில்லறைச் செலவு' என்று இருக்கும்.

ஊரில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஒன்று சிரிக்கும்: ஆள் வெறிக்குட்டி, ஆனால் கெட்டிக்கார மேசன். மற்றது திட்டும்: சந்நிதிக் கோயில் திருவிழாவுக்குக்கூட நிறுத்தாதவன், குடும்பத்தை அழிக்கிறவன். இரண்டும் ஆளைப் பற்றிய தீர்ப்புகள். வேலையைப் பற்றிய கேள்வி ஒன்று இவற்றுக்கு நடுவே கவனிப்பாரற்றுக் கிடக்கிறது: இன்றைக்கு, இந்த நேரத்தில், இந்த வேலையைச் செய்யும் நிலையில் இவர் இருக்கிறாரா? அவர் குடிப்பவரா குடிக்காதவரா, நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் வேறு கணக்கு. அந்தக் கணக்கைக் கோயிலும் குடும்பமும் பார்த்துக்கொள்ளட்டும். வேலையிடத்தில் மதுவையும் போதைப்பொருளையும் ஆபத்தில்லாமல் சமாளிக்க வேண்டுமானால் இந்த ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கவும், கேட்டவரிடம் உண்மையைச் சொல்லவும் பழக வேண்டும். இதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு உரியது, நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். உடுப்பிட்டியில் சங்கு ஊதும் ஆலை இல்லைத்தான். ஆனால் சாரம் இருக்கிறது, பனை இருக்கிறது, மரக்காலையில் சுழலும் வாள் இருக்கிறது, வெங்காயத் தோட்டத்தில் மருந்தடிக்கும் தாங்கி இருக்கிறது, பக்கத்து வல்வெட்டித்துறையில் இருட்டோடு கடலுக்குப் போகும் படகு இருக்கிறது. பாதுகாப்பு உத்தியோகத்தர் என்று ஒருவர் இல்லாத இந்த வேலையிடங்களில்தான் ஒரு நொடித் தடுமாற்றத்துக்கு விலை அதிகம்.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது? வாகனம் ஓட்டுபவருக்கு எல்லை தெளிவாக உண்டு: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். அதை அளக்கத்தான் வீதியில் பொலிஸார் மறித்துப் 'பலூன் ஊத' வைக்கிறார்கள். பனையில் ஏறுபவருக்கும் சாரத்தில் நிற்பவருக்கும் அப்படி ஓர் எண் கிடையாது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் மது வருகிறது, ஆனால் வேறு வேடத்தில். மதுவின் அல்லது போதைப்பொருளின் மயக்கமே நேரடிக் காரணமாக ஒரு தொழிலாளி காயப்பட்டால், மரணம் நேராதவரை, முதலாளி நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை என்கிறது அது. இதை இன்னொரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும். மது விபத்துக்குப் பிறகு வரும் ஒரு தற்காப்பு வாதமாகச் சட்டத்துக்குள் நுழைகிறது. விபத்துக்கு முன்னர் அதைத் தடுக்க எவருக்கும் எந்தக் கடமையையும் அந்தப் பிரிவு வைக்கவில்லை. பையைக் கொண்டுவந்து கொடுத்தவரே, கால் முறிந்த பிறகு "அவர் வெறியில் இருந்தார்" என்று சொல்லித் தப்பலாம் என்ற விபரீதமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தன் வீட்டில் இரண்டு நாள் வேலைக்கு ஆள் பிடிப்பவரை அந்தச் சட்டத்துக்குள் இழுப்பதே இலேசான காரியமில்லை.

நம்மிடம் இருக்கும் மிக ஆபத்தான நம்பிக்கை 'வெறி முறிந்துவிட்டது' என்பது. நித்திரை கொண்டு எழும்பி, தலையில் தண்ணீர் வார்த்து, தேசிக்காய்ச் சாறோ பழஞ்சோற்றுத் தண்ணீரோ குடித்தால் முறிந்துவிடும் என்று நினைக்கிறோம். ஈரலுக்கு இந்தக் கைமருந்துகள் எதுவும் தெரியாது. அது தன் வேகத்தில், 100 மில்லிலீற்றருக்கு மணிக்குச் சராசரி 15 மில்லிகிராம் என்ற அளவில், இரத்தத்திலுள்ள மதுசாரத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும். ஒரு கணக்குப் போடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து அரைப் போத்தல் சாராயம், அதாவது 375 மில்லிலீற்றர், குடிக்கிறார். போத்தலில் 33.5 சதவீதம் என்று அச்சடித்திருந்தால் அதிலுள்ள மதுசாரம் ஏறக்குறைய 99 கிராம். அவருடைய இரத்தத்தில் அது 230 மில்லிகிராமை ஒட்டி ஏறும். பத்து மணித்தியாலத்தில் 150 குறையும். காலை ஏழு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு அவர் சாரத்தில் ஏறும்போது இரத்தத்தில் மீதி 80: சாரதியாக இருந்திருந்தால் பொலிஸார் மறிக்கும் எல்லை. முற்றாக வடிவது மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும் நேரத்தில்தான். ஆளுக்கு ஆள், எடைக்கு எடை, சாப்பிட்ட வயிற்றுக்கும் வெறும் வயிற்றுக்கும் இந்தக் கணக்கு மேலும் கீழுமாக மாறும். ஆனால் 'நேற்று இரவு குடித்தது இன்றைக்கு என்ன செய்யும்' என்ற கேள்விக்கு அது போதிய பதில். விமானிகளுக்கு இதனால்தான் இந்தியா பறப்பதற்கு முந்திய 12 மணித்தியாலத்தையும் அமெரிக்கா 8 மணித்தியாலத்தையும் மது தொடாத நேரமாக வைத்திருக்கின்றன.

எல்லை 80 என்பதால் 79 பாதுகாப்பு என்று ஆகிவிடாது. 50 மில்லிகிராமிலேயே ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களைக் கவனிக்கும் திறன் தளரத் தொடங்குகிறது. தாச்சியை வாங்கவும் வேண்டும், கால் எந்தப் பலகையில் இருக்கிறது என்று பார்க்கவும் வேண்டும் என்பதுதான் சாரவேலை. அதிலும் கெட்டது, மது முதலில் மழுக்குவது கையை அல்ல, தன்னைத் தானே எடைபோடும் புத்தியை. "எனக்கு ஒன்றுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்ற சொல் உண்மையான நம்பிக்கையோடு வருவதற்குக் காரணம் அதுதான். அவர் பொய் சொல்லவில்லை. ஆகவே ஏறுவதா வேண்டாமா என்ற முடிவை ஏறுபவரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். குடி மட்டும்தானா தடுமாற்றம்? களைப்பு இல்லையா? உண்டு. 1997இல் டோசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்றும், 24 மணித்தியால விழிப்பு 100 மில்லிகிராமுக்குச் சமம் என்றும் காட்டியது. பருத்தித்துறையிலிருந்து இரவிரவாகக் கொழும்புக்குப் பேருந்து ஓட்டி, பகலில் அரைகுறையாகக் கண்ணயர்ந்து, மறுபடி அன்றிரவே திரும்பும் சாரதி ஒரு துளி தொடாமலேயே போதையில் இருப்பவரைப் போல ஓட்டக்கூடும். சளிக்கும் கடிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பிரிட்டோன் குளிசையும் அப்படித்தான். அதிலுள்ள குளோர்பெனிரமின் நித்திரைத் தூக்கத்தைத் தரும் மருந்து. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் கலைக்கவில்லை, பலப்படுத்துகிறது. குடித்தாரா என்று மட்டும் மோப்பம் பிடித்துத் திரிந்தால் நித்திரையில்லாதவரும் குளிசை போட்டவரும் ஏணியில் ஏறிவிடுவார்கள். இப்போது இந்த வேலைக்கு ஏற்ற நிலையில் இருக்கிறாரா என்று கேட்டால் மூவரும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடுகிறார்கள்.

உடல்நோவுக்குத்தான் குடிக்கிறார்கள் என்ற பேச்சையும் தள்ளிவிட முடியாது. நாள் முழுக்கச் சீமெந்து மூட்டை சுமந்த முதுகுக்கு வேறு மருந்து வாங்க நேரமும் இல்லை, காசும் இல்லை. வெயிலில் வேலை செய்பவரின் உடலிலிருந்து மது இன்னும் அதிகமாக நீரை இறக்குகிறது, நோவைத் தெரியாமலாக்கிச் சுளுக்கிய தசையை மேலும் இழுக்க வைக்கிறது என்பதெல்லாம் சரி. ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் போத்தலை மட்டும் பறித்தால் நோவு அப்படியே இருக்கும். கொங்கிறீட்டை மேலே ஏற்ற ஒரு சிறு 'லிஃப்ட்' வாடகைக்குப் பிடிப்பது, பத்து மணிக்கு நிழலும் தேநீரும் கொடுப்பது, ஆட்களை முறைமாற்றி நிறுத்துவது ஆகியவையும் மதுவைச் சமாளிக்கும் வழிகள்தான். வேலையை மனிதன் தாங்கக்கூடிய அளவுக்கு ஒழுங்குபடுத்தாமல் குடிக்காதே என்று சொல்பவருக்கு அதைச் சொல்லும் உரிமை பாதிதான் உண்டு.

வடமராட்சியில் இந்தப் பேச்சை எடுத்தால் கள்ளுக்கு வராமல் போக முடியாது. பனை இங்கே சாப்பாடு, கூரை, வேலி, அடுப்பு எல்லாமாக இருந்த மரம். கள்ளு உற்பத்தியும் விற்பனையும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நடக்கின்றன. திக்கத்தில் வடிசாலை எழுந்ததும் அந்தத் தொழிலை நம்பித்தான். கள்ளை ஒழிக்க வேண்டும் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. 5 சதவீதமளவு மதுசாரமுள்ள ஒரு போத்தல் கள்ளில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். அது உணவும்தான், மதுவும்தான். முன்னதை ஒப்புக்கொண்டு பின்னதை மறப்பதுதான் பிழை. இதில் ஓர் அநீதியையும் சொல்லியாக வேண்டும். குடி என்றதும் ஊர் சுட்டும் விரல் சீவல் தொழிலாளியை நோக்கித்தான் போகிறது. தளநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பில் செருகி, காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கும் அவரைவிடத் தெளிவு தேவைப்படும் தொழிலாளி இந்தப் பக்கத்தில் இல்லை. கைப்பிடி இல்லை, வலை இல்லை, கீழே பிடிக்க ஆளும் இல்லை. அவர் இறக்கிய முட்டியிலிருந்து குடித்தவர்கள் அவரைக் குடிகாரர் என்பார்கள். ஏறும் முன் தொடுவதில்லை, கடைசி மரம் இறங்கிய பின்னரே என்ற ஒழுங்கைச் சங்கங்கள் தாங்களே எழுதி, அதற்கு ஈடாகப் பாதுகாப்புப் பட்டியும் காப்புறுதியும் கேட்டால், அந்தத் தொழிலுக்கு அது கௌரவம்.

போதைப்பொருள் இன்னும் சிக்கலான இடம். கடல்வழி வரும் கேரளக் கஞ்சா, இளைஞர்களிடம் பரவிய ஐஸ், ஹெரோயின், மருந்துக்கடைக் கதவால் நழுவி வந்த பிரிகாபலின் குளிசை என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் பட்டியல் நீண்டுவிட்டது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைனை 2022இல் திருத்தப்பட்ட சட்டம் கடும் தண்டனைக்குள் கொண்டுவந்தது. மதுவைப் போல இவற்றை ஒரு மூச்சில் அளக்க முடியாது. சிறுநீர்ச் சோதனை கஞ்சாவின் எச்சத்தை நாட்கணக்கில், சிலரிடம் வாரக்கணக்கில்கூடக் காட்டும். அந்த நொடியில் அவர் தடுமாறுகிறாரா என்பதை அது சொல்லாது. ஐஸ் போட்டவர் முதல் நாள் நித்திரையில்லாமல் மற்றவர்களைவிட வேகமாக வேலை செய்வார், மேற்பார்வையாளருக்கு அது பிடித்தும் போகும். சரிவு அதற்குப் பிறகு வரும். 1987 ஜனவரி 4இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் சேஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த இயந்திரங்களோடு பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். தவறிய இயந்திரச் சாரதியும் உதவியாளரும் கஞ்சா புகைத்திருந்தார்கள். 1991இல் அந்நாட்டில் பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள போக்குவரத்து வேலைகளில் இருப்பவர்களுக்குச் சோதனைச் சட்டம் வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். பலருடைய உயிரைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சோதனை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சோதனை ஒன்றே போதும் என்பதில்தான் ஐயம்.

கேரளத்தைப் பார்க்கலாம். அங்குள்ள அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலைக்கு ஏறும்முன் மூச்சுக்கருவியில் ஊத வேண்டும். 2024 ஏப்ரலில் இரண்டே வாரச் சோதனையில் 100 ஊழியர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் பந்தளம் டிப்போவில் வேறொரு கூத்து நடந்தது. காலையில் ஊதிய சாரதிகளுக்குக் கருவி மது காட்டியது. அவர்களோ குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். விசாரித்தால், ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழுத்த பலாப்பழத்தில் எல்லோரும் இரண்டு மூன்று சுளை தின்றிருக்கிறார்கள். கருவியில் சுத்தமாக வந்த ஒருவருக்குச் சுளை கொடுத்து மறுபடி ஊத வைத்தார்கள், அவருக்கும் காட்டியது. பழம் பழுத்துப் புளிக்கும்போது உண்டாகும் சொற்ப மதுசாரம் வாயில் ஒட்டியிருந்ததுதான் காரணம். பலாப்பழம் தின்னும் ஊர் நமதும்தான். வாயைக் கொப்பளித்து, கால் மணித்தியாலம் பொறுத்து, இரண்டாம் முறை ஊத வைக்கும் உரிமை இல்லாத இடத்தில் கருவியை நம்பி ஒருவரின் வேலையைப் பறிக்கக் கூடாது.

கருவியை விடவும் கண்டிப்பு ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. பலருக்கு அது தெரியாது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர், 'நாளையிலிருந்து தொட்டால் வேலை இல்லை' என்ற பயத்தில் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் குவளைக்குப் பின் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் அவருக்கு வலிப்பு வரலாம். காலையில் கை நடுங்குவதும், நடுக்கம் நிற்க ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வேலைக்கு வருவதும் அதன் முன்னறிவிப்புகள். அப்படிப்பட்டவர் குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறுவதும் ஆபத்து, குடிக்காமல் ஏறுவதும் ஆபத்து. அவருக்கு வேண்டியது எச்சரிக்கைக் கடிதம் அல்ல, மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குப் போக ஒரு நாள் லீவும் கூட வர ஒரு துணையும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை, மது, போதைப்பொருள் பிரச்சினைகளை மற்ற நோய்களைப் போலவே உடல்நலப் பிரச்சினைகளாகக் கருத வேண்டும், விதிகளை முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து எழுத வேண்டும், தானாக முன்வந்து சொல்பவரின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது. ஐஸ் விடயத்தில் இது இன்னும் பொருந்தும். மேற்பார்வையாளர் பொலிஸாக மாறினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வாய் திறக்காதவர் நாளைக்கு மரக்காலை வாளுக்கு முன்னால் நிற்பார்.

நாட்கூலிக்கு வருபவர் எப்படி உண்மையைச் சொல்வார், சொன்னால் அன்றைய கூலி போய்விடுமே என்று கேட்பவரே இதிலுள்ள உண்மையான முடிச்சைத் தொட்டவர். கூலி போகும் என்றால் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். ஆகவே அந்தப் பயத்தை முதலில் எடுக்க வேண்டும். தானாகச் சொல்பவருக்கு அன்றைக்கு நிலத்தில் வேலை: கம்பி கட்டலாம், கல் அடுக்கலாம், மணல் அரிக்கலாம், மருந்துத் தாங்கி, ஏணி, வாள், வாகனம் இவற்றுக்குக் கிட்டப் போகக் கூடாது. முழுக் கூலி. மறைத்து ஏறிப் பிடிபட்டால் அன்றைக்கு வீட்டுக்கு, அதுவும் அவரே மோட்டார்சைக்கிள் ஓட்டிப் போகாமல். திரும்பத் திரும்ப நடந்தால் வைத்தியசாலைக்கு. இதை அவர்கள் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று மேசன்மார் சொல்லக்கூடும். சிலர் செய்வார்கள். மாதத்தில் இரண்டு நாள் ஒருவர் மணல் அரித்து முழுக்கூலி வாங்கினால் நட்டம் எவ்வளவு, ஒருவர் மேல்மாடியிலிருந்து விழுந்தால் நட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தெரியாத ஒப்பந்தக்காரர் இல்லை.

இந்த ஒழுங்கு கூலிக்காரருக்கு மட்டும் என்றால் அது ஒரு நாளும் நிலைக்காது. மதிய விருந்தில் விஸ்கி அருந்திவிட்டு வந்து கட்டட வரைபடத்தில் கையெழுத்து வைப்பவரும், மருந்து கொடுப்பவரும், ட்ரக்டரைத் தன் மகனிடம் ஒப்படைக்கும் முதலாளியும் அதே கேள்விக்கு உட்பட்டவர்கள்தான். தலைமை மேசன் தானே முதலில் "நேற்று நான் போட்டேன், இன்றைக்கு நான் கீழே நிற்கிறேன்" என்று சொன்னால், அதற்குப் பிறகு மற்றவர்களிடம் கேட்பது கஷ்டமில்லை. பிரதேச சபைகள் கட்டட அனுமதி கொடுக்கும்போது வீட்டுக்காரரிடம் எத்தனையோ நிபந்தனைகளில் கையெழுத்து வாங்குகின்றன. வேலை நேரத்தில் வளவில் மது வழங்குவதில்லை என்ற ஒரு வரியை அதில் சேர்க்க எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

கொங்கிறீட் நாளில் போத்தல் வாங்கிக் கொடுத்தே தீரவேண்டும் என்று நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கும், கடல் கடந்து காசு அனுப்பும் பிள்ளைகளுக்கும்: கடைசித் தாச்சி கீழே வந்து, மிக்சரைக் கழுவி, ஏணியைச் சாய்த்த பிறகு கொடுங்கள். மறுநாள் காலையில் சாரத்தில் ஏறும் வேலை எதையும் வைக்காதீர்கள்.